கைப்பைக்குள் ஒரு டேக்

"என் பொண்ணு எங்க போறா, எப்ப வர்றான்னு பாக்க நீங்க யாருங்க?"

கையிலிருந்த பில்லை மேஜைமேல் ஓங்கி அறைந்தார் ரத்தினவேல். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உப்பு புளியிலிருந்து பட்டுப்புடவை வரை விற்கும் நாலு மாடிக் கடை அது. வாடிக்கையாளர் குறை கேட்கும் மேஜையில் இருந்த ஜென்சி பதறி எழுந்தாள்.

"என்ன ஆச்சு சார்? முதல்ல உக்காருங்க."

"உக்கார வரலம்மா. பேப்பர்ல போட்டிருக்கான். நீங்க விக்கிற பை, செருப்பு, துணி எல்லாத்துலயும் ஒரு குட்டி எலக்ட்ரானிக் டேக்கை உள்ள வச்சுத் தைக்கிறீங்களாம். காசு கொடுத்து வாங்கிட்டுப் போன அப்புறமும் அது உங்களுக்குத் தகவல் சொல்லுமாம். என் பொண்ணு கனிஷ்காவுக்கு நான்தான் இங்க கைப்பை வாங்கிக் கொடுத்தேன். அதுலயும் இருக்கா, இல்லையா?"

பில் போட நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் இருந்த ஓர் அம்மா, "நல்லா கேளுங்க சார்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"வயசுப் பொண்ணுங்க. நாளைக்கு எவனாவது உங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு அவ பின்னாடி போனா யார் பொறுப்பு?"

ஜென்சிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேட்க ஒரு ஆளாவது வந்தாரே என்று நினைத்தாள். ஊழியர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அதே டேக்தான். போன வாரம் மேனேஜர் பிலோமின்ராஜ் அத்தனை பேர் நடுவில் நிறுத்தி, "பாத்ரூம்ல அவ்வளவு நேரம் என்னம்மா வேலை?" என்று கேட்டார். மாதவிலக்கு என்று அவ்வளவு ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டு போனாள். அன்றைக்கு விழுங்கிய ஆத்திரம் இன்னும் ஜீரணமாகவில்லை.

சத்தம் கேட்டு பிலோமின்ராஜே வந்துவிட்டார்.

"சார், அது சும்மா ஸ்டாக் எண்ணுறதுக்கு வச்சது. பில் போட்டதும் செத்துப் போயிடும்" என்றார். மனுஷன் கொஞ்சம்கூடக் கூசாமல் புளுகினார்.

"அப்படின்னா கம்ப்யூட்டர்ல காட்டுங்க."

"கஸ்டமருக்கு அதெல்லாம் காட்ட முடியாதுங்க. இருங்க, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்." லிஃப்டுக்குள் புகுந்து தப்பித்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா, ஓடிட்டாரு" என்றார் ரத்தினவேல். ஜென்சிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெண்ணுக்காக இப்படிச் சண்டை போட ஒரு அப்பா வேண்டும் என்று தோன்றியது.

"சார், நாளைக்கு அந்தப் பையைக் கொண்டு வாங்க. நானே டேக்கைப் பிரிச்சு எடுத்துடறேன். அதோட தொல்லை விட்டுது" என்றாள் மெதுவாக.

"பை இப்ப என்கிட்ட இல்லம்மா" என்றார் அவசரமாக. "டேக்கை எடுக்கறது கிடக்கட்டும். முதல்ல எனக்கு உண்மை தெரியணும்."

நியாயம்தானே என்று நினைத்தாள் ஜென்சி. லிஃப்ட் பக்கம் ஒரு முறை பார்த்தாள். வேலை போனால் போகட்டும், இந்த அக்கிரமத்தை ஒருவருக்காவது காட்டிவிட வேண்டும். பில்லில் இருந்த அவருடைய போன் நம்பரைத் தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அவர் சொன்னது பச்சைப் பொய் சார். நீங்க சொன்னதுதான் நிஜம். எங்க கடையோட எந்தக் கிளை வாசலைத் தாண்டினாலும் அந்தப் பை பதிவாயிடும். இங்க பாருங்க. இந்த மாசம் பூரா உங்க பொண்ணு எங்க ஸ்ரீரங்கம் கடைக்குத்தான் போறாங்க. அநேகமா தினமும், சாயங்காலம் ஆறு மணி வாக்குல."

"ஸ்ரீரங்கத்துலயா?"

"ஆமாங்க. ராஜகோபுரத்துல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கே, அந்தக் கடை. காய்கறி, பால்னு வாங்கிட்டுப் போவாங்க போல."

ரத்தினவேல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேனேஜர் வர்றதுக்குள்ள போட்டோ எடுத்துக்குங்க சார். நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடுங்க. சாட்சி சொல்ல நான் வரேன்."

அவர் போட்டோ எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பெரிய உதவி பண்ணினம்மா. நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

ஜென்சிக்கு மனசு லேசாகிவிட்டது. அன்றைக்குத் தனக்காகக் கேட்க முடியாததை இன்று யாரோ ஒரு பெண்ணுக்காகக் கேட்டுவிட்ட திருப்தி. மேஜையைப் பார்த்தவள், பில் அங்கேயே கிடப்பதைக் கவனித்தாள். கேஸ் போட அதுதானே முக்கியம், அதையே விட்டுவிட்டுப் போகிறாரே என்று எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வாசலுக்கு வெளியே, காரின் கதவைத் திறந்தபடி ரத்தினவேல் போனில் பேசிக்கொண்டிருந்தார். "சார்" என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓடிப்போன கழுதை ஸ்ரீரங்கத்துலதான்டா இருக்கு. அருவாளோட வந்து சேரு."