காற்றுக்கு ஒரு பூட்டு

"காத்துக்கே பூட்டுப் போட்ட மனுசன்கிட்டயா போய்க் கேக்கச் சொல்ற?" என்றார் மூக்கையா.

விஜயகலா புது லேப்டாப்பைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவள் அம்மா, ஊருக்கு வந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியது.

"வேற வழி இல்லப்பா. கம்ப்யூட்டர் கடை பளீல் நானா ஸ்கைப் எல்லாம் போட்டுக் குடுத்துட்டாரு. ஆனா வெள்ளிக்கிழமை அவரு கடை பூட்டு. அம்மாவுக்கு மேடம் பேச விடுறதே வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத்தான். நாலு வருசமாச்சு அம்மா மூஞ்சியப் பாத்து."

குருவிட்டைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில், வயரில்லாத இன்டர்நெட் தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் உருத்திரமூர்த்தியின் குவாட்டர்ஸில் மட்டும்தான் இருந்தது. லண்டனிலிருக்கும் மகனோடு பேச எடுத்தது. ஆபீஸ் பையன்கள் அதில் புகுந்து படம் பார்க்கத் தொடங்கியதும் இரகசியச் சொல் போட்டுவிட்டார். யாருக்கும் சொல்லமாட்டார். அன்றிலிருந்துதான் தொழிலாளர் லயத்தில் இந்தப் பூட்டுப் பேச்சு.

அந்த வெள்ளிக்கிழமை குவாட்டர்ஸின் பின்வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். கிளாக்கர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"இந்த லைன் ஒரு நேரத்தில ஒரு முகத்தைத்தான் தாங்கும். ரெண்டு வந்தா ரெண்டும் துண்டு துண்டாப் போயிடும்."

"சரிங்கய்யா." மூக்கையா திரும்பினார். மகளிடம் மெதுவாக, "சொன்னேன்ல?"

"நில்லும். நான் போகச் சொன்னனானே? உள்ளுக்கு வாரும்."

கிளாக்கர் அறைக்குள் போய் எதையோ அணைத்துவிட்டு வந்தார். அறை வாசலில் அவர் மனைவி மகாதேவி நின்றாள்.

"ரெண்டு பேரும் அங்கால பாருங்கோ."

திரும்பிக்கொண்டார்கள். டக் டக்கென்று சத்தம். விஜயகலா கடைக்கண்ணால் பார்த்தாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை; கறுப்புப் புள்ளிகள்தான் வரிசையாக விழுந்தன.

"பிழையாம்" என்றார் கிளாக்கர். மறுபடி அடித்தார். மறுபடியும் பிழை.

"மூடுற நேரத்துல கடைக்காரன் சாவியத் தேடுற மாதிரி" என்று மூக்கையா முணுமுணுத்தார்.

"பெரிய எழுத்தில கிடந்திருக்கு." ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, மூன்றாவது முறை ஒவ்வொன்றாக அடித்தார். மூலையில் சின்னக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன.

மூக்கையா மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். "வயரு எங்கங்கய்யா?"

"வயர் இல்லை."

"அப்ப அவ எதுலங்க வருவா?"

"காத்திலதான்."

மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்பது போல மூக்கையா வாயைப் பொத்திக்கொண்டார்.

சரியாக ஐந்துக்கு லேப்டாப்பில் மணி அடித்தது. விஜயகலா பொத்தானைத் தொட்டாள். திரைக் கண்ணாடிக்குள் ஒரு சமையலறை. அதற்கு முன்னால் அம்மா, கிருஷ்ணகுமாரி. மெலிந்திருந்தாள். காதோரம் நரை.

"அம்மா!"

"கலா, எங்கடி இருக்க? சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு ஒரே இருட்டா இருக்கே!"

விஜயகலா எதை எதையோ அமுக்கிப் பார்த்தாள். இருட்டுதான். அம்மா அங்கே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, லேப்டாப்பின் மேல் விளிம்பை உற்றுப் பார்த்தார். "இதென்ன இது?"

"சந்தனப் பொட்டுங்க" என்றார் மூக்கையா. "புதுச் சாமான் வீட்டுக்கு வந்தா பொட்டு வைக்காம எடுக்கலாமாங்க? நடு நெத்தியில சின்னதா ஒரு வட்டம் இருந்துச்சு. வைக்கத்தான் எடம் விட்டிருக்கான்னு..."

"அது கமெரா, மூக்கையா. கண்ணிலேயே பொட்டு வச்சிருக்கிறீர்."

"சாமிக்கு வச்சதுங்க. அழிச்சா..."

கிளாக்கர் அழிக்கவில்லை. விரல் நுனியால் பதமாக எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, கலா!" என்றாள் கிருஷ்ணகுமாரி. "என் ஒசரம் வந்துட்டியேடி! யாரு பின்னால, அப்பாவா? ஏன்யா தூணு மாதிரி நிக்கிற?"

பேசினார்கள், சிரித்தார்கள். திடீரென்று தகரக்கூரையில் மழை இறங்கியது.

"அது என்ன சத்தம்?"

"மழைம்மா."

"மழையா?" கிருஷ்ணகுமாரியின் முகம் கண்ணாடிக்கு மிக அருகில் வந்தது. "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க. கேட்டுக்கிறேன்."

குருவிட்டை மழையைக் குவைத்தில் ஒருத்தி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பெய்யும் மழைக்கு அங்கே அவள் கன்னம் நனைந்தது.

மூக்கையா மட்டும் ஓரக்கண்ணால் கிளாக்கரைப் பார்த்தார். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகும் பார்த்தார்.

"ஐயா மணியப் பாக்குறாரு. பேசாமலே நேரம் போகுது, போதும் கலா" என்று கிசுகிசுத்தார்.

"நான் மணியைப் பாத்தா உமக்கென்ன? பிள்ளையின்ர தாய் மழை கேக்கட்டும். நீர் பேசாம இரும்."

மேடம் கூப்பிட்டபோது ஐந்தரை தாண்டியிருந்தது. முகம் மறைந்தது. மூக்கையா துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். லேப்டாப்பையா, கிளாக்கரையா என்று அவருக்கே தெரியவில்லை.

மகாதேவி அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஹெட்போன்.

"இப்ப எங்கட கம்ப்யூட்டரைப் போடட்டே?"

கிளாக்கர் இன்னொரு முறை மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வேண்டாம். லண்டனில எங்கட தம்பியின்ர மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது, வேலைக்குப் போயிருப்பான். அடுத்த வெள்ளி பாப்பம்."