ஏழாவது படம்

ஆறாவது படம் மூன்று ரூபாய்க்கு ஏலம் போனதும் சண்முகவடிவு முன்வரிசையைப் பார்த்தாள்.

அடுத்தது அவளுடையது.

முன்வரிசையில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். காக்கிக் கோட்டு, மடியில் தொப்பி. தினமும் மாலையில் அவள் அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுப்பவர் அவர்தான். குணபூசணி டீச்சர் கொட்டகலைக் கடைக்காரர்களோடு தோட்டத்து உத்தியோகத்தர்களுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தது, அவரை வாசலில் கண்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஏலம் மாணவர்களுடைய யோசனை. போன மாதம் வந்த கல்வி அதிகாரி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரம் எதற்கு என்று கேட்டு, அந்தப் பாடத்தை நேரசூசியிலிருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார். பாடத்தைத் திருப்பிக் கேட்டு மனு அச்சடிக்க வேண்டும். நாலு பேர் ரயிலேறிக் கொழும்புக்குப் போய் அதை நேரில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மண்டபத்தில், பிள்ளைகளின் படங்கள் ஏலம் போயின.

தலைப்பு டீச்சர் கொடுத்தது: நாலு மணிக்கு நான் கண்டது.

அவரவர் வீட்டில் வரைந்து, சுருட்டி, நூலால் கட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கவில்லை. இதுவரை விரித்த ஆறும் கடைவீதிப் பிள்ளைகளுடையவை. ஒருவன் ரயிலை வரைந்திருந்தான், ஒருத்தி மழையில் நனையும் பஸ்ஸை.

சண்முகவடிவு வரைந்தது மடுவம். நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகை. உத்தரத்தில் தொங்கும் தராசு, அதன் கொக்கியில் அம்மாவின் சாக்கு, பின்னால் ஈரத்தோடு நிற்கும் பெண்களின் வரிசை.

சாக்குக்கு அடியில் ஒரு முழங்கால்.

சாக்கைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் முழங்கால்.

தராசு முள் இரண்டு மூன்று றாத்தல் குறைத்துக் காட்டும். வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அந்த முழங்காலைத் தெரியும். ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. திறந்தால் மறுநாள் கொழுந்து போதாது என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான்.

வரையும்போது அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. கண் பார்த்ததைக் கை போட்டுவிட்டது.

ஏலம் விடும் சின்னராசா அவளுடைய வகுப்புதான். வேண்டாம் என்று அவனுக்குத் தலையசைத்தாள். அவன் கவனிக்கவில்லை. படத்தை விரித்து இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்தினான்.

பின்வரிசையில் தோட்டத்துப் பெண்களின் பேச்சு நின்றது. அவர்கள் நடுவில் அவள் அம்மா காளியாயி. படத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை கழுத்தை நீட்டிப் பார்த்தார். அகட்டி வைத்திருந்த கால்களைச் சேர்த்துக்கொண்டார்.

ரெண்டு ரூபா என்றார்.

அஞ்சு என்றது ஒரு குரல். தோட்டக் கமிட்டித் தலைவர் சோலைமலை, சுவரோரம் நின்றிருந்தார். தொழிற்சங்க ஆபீஸ் சுவரில் படம் மாட்ட நல்ல இடம் இருக்கிறது என்று பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னார்.

ஆறு. எட்டு. பத்து.

ஜனங்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. குணபூசணி டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சண்முகவடிவுக்கோ ஒவ்வொரு ரூபாயும் அம்மாவின் தலையில் ஏறுவதுபோல் இருந்தது.

இருபத்திரண்டில் சோலைமலை சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

சின்னராசா டஸ்டரால் மேசையைத் தட்டினான். சாக்பீஸ் தூள் பறந்தது. கலையை மதிக்கிற பெரிய மனசு என்று டீச்சர் எழுந்து கணக்கப்பிள்ளைக்கு நன்றி சொன்னார். மண்டபமே கைதட்டியது.

அவர் கோட்டுப் பையைத் துழாவிப் பணத்தைக் கொடுத்தார். படத்தை வாங்கி, குச்சிபோல ஆகும்வரை இறுக்கிச் சுருட்டினார். திரும்பி வரும் வழியில் சண்முகவடிவு இருந்த பெஞ்சருகே நின்று குனிந்தார்.

"இது ஒண்ணுதானே வரைஞ்ச?"

"ஒண்ணுதாங்க ஐயா."

நாளைக்குப் பெரட்டில் உன் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சண்முகவடிவுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் அம்மா தலைகுனிந்து நிற்பாள். கொழும்புக்குப் போகிறவர்கள் போகட்டும். இந்தப் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம்.

சின்னராசா எட்டாவது சுருளின் நூலை அவிழ்த்தான். மேல்லயத்து வரிசை வீட்டு மீனம்மா வரைந்தது.

தூக்கிப் பிடித்தான்.

உத்தரத்தில் தராசு. கொக்கியில் சாக்கு. சாக்குக்கு அடியில், பழுப்புக் கலரில், அழகாக மடங்கிய ஒரு முழங்கால்.

கணக்கப்பிள்ளையின் கை கோட்டுப் பைக்குள் போனது. அங்கேயே நின்றது.

மேசையில் இன்னும் பதினொரு சுருள்கள் இருந்தன. எல்லாமே தோட்டத்துப் பிள்ளைகளுடையவை.

"இருபத்தஞ்சு சதம்!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கால் ரூபாய்க்கு ஏலம் கேட்டது. சண்முகவடிவு திரும்பினாள்.

அம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் பக்கத்தில், மடுவத்து வரிசையில் கூட நிற்கும் ராசம்மா அக்காவும் எழுந்துகொண்டிருந்தாள்.