பத்து எண்ணும் வரை

எஸ்தர் அந்தக் குன்றைக் குப்பைமேனிச் சாற்றில் படம் எடுத்திருந்தாள். அதன் சரிவிலேயே பறித்த இலைகளை அரைத்துத் தாளில் பூசி, மேலே குன்றைப் பிடித்த ஃபிலிமை வைத்துப் பதினோரு நாள் வெயிலில் கிடத்தியதில், பச்சை வெளுத்துக் குன்று எழுந்து வந்தது. அதை நிலைக்கவைக்க மருந்து கிடையாது. வரைந்த வெளிச்சமே பார்க்கப் பார்க்க அழித்துவிடும். அதனால்தான் மேலே கறுப்புத் துணி, பக்கத்தில் ஓர் அட்டை: பத்து எண்ணிவிட்டு மூடவும். படம் கண்காட்சிக்கு வருவதற்குள் குவாரிக்காரர்கள் குன்றையே உடைத்து முடித்துவிட்டார்கள். ஏழு ஊர்க் கண்காட்சிகளில் "மூடுங்க, மூடுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஏழாவது ஊரில், கடைசி நாள் பிற்பகலில் படம் பார்க்க வந்த காத்தமுத்து என்ற பெரியவர், துணியைத் தூக்கியவர் இறக்கவே இல்லை. பத்து தாண்டியது. நூறும் தாண்டியிருக்கும்.

"உங்க ஊருங்களா ஐயா?"

"அந்தக் குவாரிலதாம்மா பதினாலு வருஷம் வெடிக்குக் குழி போட்டேன்," என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கிட்ட நின்னு கல்லத்தான் பாத்தேன். முழு மலைய இப்பத்தான் பாக்கறேன்."

அவருடைய விரல் தாளைத் தொடாமல் முகட்டின் மேலேயே நகர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றது. "இங்கதான் ஆரம்பிச்சோம்."

மூடச் சொல்ல வாயெடுத்தவள் எழுந்துபோய், சாத்தியிருந்த மேற்கு ஜன்னலைத் திறந்தாள். வெயில் நேராகக் குன்றின் மேல் விழுந்தது. அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து பாருங்க."

துணியை அவர் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.