நானூறு பக்கம்

வேலுத்தாய் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஸ்வீடன் நாவலை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே சித்திரை வெயில். புத்தகத்துக்குள் விடாத பனி.

"அப்படி என்னம்மா கதை?" என்றார் ஏட்டு.

"ஏரிக்கரையில ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா சார். அவ கையுறை என்ன நிறம்னு ஒரு இன்ஸ்பெக்டர் ஊரெல்லாம் கேட்டு அலையுறாரு. அவருக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. நானூறு பக்கம்."

"நானூறா? அந்த ஊர்ல வேற கேஸே இல்லபோல."

சிரித்துக்கொண்டே அரைப்பக்கத் தாள் ஒன்றை நகர்த்தினார். புருஷன் வீட்டுக் கிணற்றில் மிதந்த அக்காவின் கேஸை முடித்துவைக்கும் தாள். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்பதால் அப்பா கூட்டி வந்திருந்தார். 'தீராத வயிற்றுவலி காரணமாகத் தற்கொலை' என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோருக்கும் அந்த ஒரே வியாதிதான்.

"அக்காவுக்கு வயிறு வலிச்சதே இல்ல சார்."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா எழுதுறது. அப்பாவைக் கைநாட்டு வைக்கச் சொல்லு."

மை தடவிய கட்டைவிரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி அப்பா நின்றார். "வைக்கவா தாயி?"

வேலுத்தாய் தாளை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

"அவ என்ன சேலை கட்டியிருந்தா சார்? அதுகூட இதுல இல்லையே."

ஏட்டு கோப்பைப் புரட்டினார். அதிலும் இல்லை.

"பச்சைச் சேலை," என்றார் அப்பா, விரலை இறக்காமல். "கிணத்துலருந்து தூக்கையில பாத்தேன். முந்தானையில பாதியைக் காணோம். யாரும் கேக்கல தாயி."