நரிக்கு எதிராக ஒரு கையெழுத்து

பூனை பெர்சியைக் காணாமல் பத்து நாளாயிற்று. தன் செல்லத்தை லண்டன் தெருக்களில் திரியும் நரிதான் தின்றிருக்கும் என்று முடிவு கட்டிய ரூபர்ட், ஒரு மனுவோடு பக்கத்து வீட்டு வின்னியிடம் வந்தான்.

“நரிங்களைப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லி நகராட்சிக்கு மனு. கையெழுத்துப் போடுங்க, வின்னி.”

“போடாம இருப்பேனா? பாவம், பெர்சிக்குச் சாப்பிட என்னப்பா போட்டே?”

“நான் சாப்பிடறதுதான். அவிச்ச பருப்பு, கேரட். ஒரு உயிரைக் கொன்னு இன்னொரு உயிரை வளர்க்கலாமா?”

“நல்ல மனசு உனக்கு. நரிக்கு அது இல்லையே.”

வின்னி பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும் கதவைத் தாழிட்டாள்.

“போயிட்டான். வெளியே வாடா.”

சோபாவுக்கு அடியிலிருந்து பெர்சி வந்தது. வாயில் மத்தி மீன்.

பழி சுமக்கிற நரிக்கு, அன்று தோட்டத்தில் ஒரு கோழிக்கால் கூடுதலாக வைத்தாள் வின்னி.