ஜெபத்துக்கு முன்னால் ஒரு வாய்

பென்னலூர் ஜெபவீட்டில் அறுப்புப் பண்டிகை விருந்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த மரகதம், ஒரு துண்டை வாயில் போட்டு மென்றதை ஞானம்மா பார்த்துவிட்டாள்.

சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த காய். இன்னும் ஜெபம்கூடப் பண்ணவில்லை.

காலையில்தான் உபதேசியார் பிரசங்கத்தில் சொன்னார். மோசே தம் ஜனங்களை எச்சரித்தாராம்: உங்களில் ஒருத்தர் மனசு கடவுளை விட்டு விலகினாலும் அது விஷம் காய்க்கிற வேர், விட்டுவைத்தால் எல்லாரையும் கெடுக்கும் என்று.

அந்த வேர் யார் என்று ஞானம்மா அப்போதே முடிவு பண்ணிவிட்டாள். மரகதத்தின் புருஷன் தசரதன் இன்னும் பெருமாள் கோயிலுக்குப் போகிறவன். அவள் சபைக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

நேரே உபதேசியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் எல்லார் முன்னாலும் மரகதத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆமாங்கய்யா. வாயில வச்சேன்." என்றாள் மரகதம்.

"இவள இன்னாத்துக்குப் பந்தியில உக்கார வைக்கணும்?" என்றாள் ஞானம்மா.

உபதேசியார் தயங்கித் தயங்கி, இன்றைக்கு வீட்டுக்குப் போய்விடம்மா என்றார். மரகதம் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

மிச்சக் காயை நறுக்க உட்கார்ந்த ஞானம்மா, தான் கொடுத்த மூன்று சுரைக்காயையும் அங்கே காணவில்லை. தின்றது போதாதென்று திருட்டு வேறா?

பின்பக்கம் ஓடினாள். வேலியோரம் மரகதம் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று சுரைக்காய். ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று மட்டும் அறுத்திருந்தது.

ஞானம்மா ஒன்றைப் பிடுங்கிக் கடித்தாள். கசப்பில் நாக்கு சுருண்டுகொண்டது. பேய்ச்சுரை.

சுரைக்காயை நறுக்குமுன் கசக்கிறதா என்று ஒரு கீற்றை மென்று பார்ப்பது அவள் வீட்டிலும் உண்டுதான். மரகதம் மென்றபோது மட்டும் அது தோன்றவில்லை.

"துப்புங்கக்கா, முழுங்கிடாதீங்க. வெசம்." மரகதம் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். "அப்பவே வெளிய எடுத்து வச்சிட்டேன். ஆடு மாடு தின்னுடப் போவுதேன்னு பொதைச்சிகினு இருந்தேன்."

"ஏண்டி, அய்யா கேட்டப்ப சொல்றதுக்கு இன்னா?"

"அத்தினி பேர் நின்னாங்களேக்கா. உங்க வூட்டுக் காய்னு எப்டிச் சொல்றது?"

உள்ளே இலை போட்டுவிட்டார்கள். ஞானம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. உங்க சாப்பாட்டுக்கு வெசத்தக் கொண்டாந்தவ நான். வாயில வாங்கி எடுத்துப் போட்டவ இவ."