நின்றுபோன கால்

“இன்னாசியை அனுப்பிடலாமுங்க. இனிமே அந்த ஆளை வெச்சுக்கிட்டு மாரடிக்க நம்மால ஆவாது.”

தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்குக்கு மேஸ்திரியான கருப்பண்ணன் இப்படிச் சொன்னதும், குட்ஷெட்டில் கூடியிருந்த மொரப்பூர் ரயில்வே புட்பால் கிளப் மொத்தமும் தலையாட்டியது.

ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் பச்சியப்பன் மட்டும் ஆட்டவில்லை. டீமுக்கு அவன்தான் கேப்டன். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பந்தாடிப் பெயர் வாங்கிய இன்னாசியை, “எங்க டீமுக்கு மேனேஜரா வாங்கண்ணா” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தவனும் அவன்தான். மேனேஜர் என்பதற்காகத்தான் இன்னாசிக்குக் குட்ஷெட்டில் ஒரு வேலை கிடைத்திருந்தது. இது போனால் அதுவும் போச்சு. மறுபடி சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். புருஷன் பொழுது சாய்ந்தால் முழுசாக வீடு வந்து சேருகிறான் என்று அவர் மனைவி கண்ணம்மாள் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஆனால் டீம் தோற்கிற தோல்வி இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்ல? வருகிறவன் எல்லாம் ஜெயித்துவிட்டுப் போனான். பந்தைக் கோல் கிட்டே வரைக்கும் அழகாகக் கொண்டு போவார்கள். அங்கே போனதும் சொல்லி வைத்தாற்போல் எல்லாரும் நின்றுவிடுவார்கள். எதிராளி சாவகாசமாக வந்து பந்தை எடுத்துக்கொண்டு போவான்.

“கால் தன்னால நின்னுடுதுங்க. ஏன்னு எனக்கே தெரியல. அதுக்கு அண்ணன் என்ன பண்ணுவாரு?” என்றான் பச்சியப்பன்.

“காளி கோயில்ல கெடா வெட்டியாச்சு. கோல் கம்பத்துல எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. இனி மாத்தறதுக்கு மேனேஜர்தாம்பா பாக்கி” என்றார் கருப்பண்ணன்.

மூலையில் உட்கார்ந்திருந்த இன்னாசி எழுந்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கும்பிட்டார். அவர்தான் கிளப்புக்குத் தலைவர்.

“சார், ஞாயித்துக்கெழமை தருமபுரிக்காரங்களோட மேட்ச் இருக்குது. அதுலயும் தோத்தா நீங்க சொல்லவே வேணாம். நானே பொட்டியைத் தூக்கிக்கிட்டு ரயிலேறிடறேன்.”

“சரிய்யா. அந்த ஒரு மேட்ச்தான். அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக் கூடாது” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரி டீம் குறுகிய பாதையில் ஓடுகிற சின்ன ரயிலில் வந்து இறங்கியது. மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. கண்ணம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒருத்தர் தகர டப்பாவைத் தட்டினார். காளி கோயில் பூசாரி உடுக்கையோடு வந்திருந்தார். கோட்டோரம் கொடி பிடிக்கிற ஆண்டி வாத்தியாருக்குப் பந்து கோல் பக்கம் போனாலே ஆவேசம் வந்துவிடும், கொடியைத் தூக்கிக்கொண்டு அவரும் கூடவே ஓடுவார். அத்தனை பேருக்கும் அத்தனை ஊர்ப்பாசம்.

பச்சியப்பன் அன்றைக்கு வெறியோடுதான் ஆடினான். ஒருத்தனை ஏமாற்றினான், இன்னொருத்தனைத் தாண்டினான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். ஜனம் கத்தியது, டப்பா அதிர்ந்தது, வாத்தியார் ஓடினார். பாழாய்ப்போன கால் சட்டென்று நின்றுவிட்டது. கோல்கீப்பர் நடந்து வந்து, அவன் காலடியில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனான்.

இடைவேளைக்குள் தருமபுரி ரெண்டு கோல் போட்டுவிட்டது. வழக்கமாகத் தொண்டை கிழியக் கத்துகிற இன்னாசி அன்றைக்குக் கத்தவில்லை. பச்சியப்பனையே உற்றுப் பார்த்தார்.

“ஏண்டா, நின்னியே, அப்ப எந்தப் பக்கம் பாத்த?”

“கோட்டோரமாப் பாத்தாப்பல இருந்துச்சுங்கண்ணா.”

இன்னாசி படீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்.

“பாத்தியா, கோலாருக்கு ரயில் எப்பன்னு விசாரிக்கப் போறாரு” என்றார் கருப்பண்ணன். கண்ணம்மாளின் கண் கலங்கியது. பச்சியப்பனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட்டி வந்ததும் நாம், குடியைக் கெடுப்பதும் நம் கால் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்னாசி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுபாதி ஆட்டம் தொடங்கியது. அட, இது என்ன கூத்து? கோல் நெருங்க நெருங்க மொரப்பூர்க் கால்கள் பறந்தன. முதல் கோலைப் பச்சியப்பன் போட்டான். அடுத்ததை ஒரு கேங்மேன் போட்டான். கடைசி கோலும் பச்சியப்பனுடையதுதான். ஒருதரம் பந்து வெளியே போன பிறகும் அவன் நிற்காமல் கோட்டைத் தாண்டி, பக்கத்து நிலக்கடலைக் காட்டுக்குள் பாதி தூரம் ஓடிப்போனான். ஆள் விட்டுக் கூட்டி வர வேண்டியிருந்தது.

ஜெயித்ததும் கருப்பண்ணன்தான் முதலில் ஓடி வந்து இன்னாசியைக் கட்டிக்கொண்டார். “நாஞ் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. இனிமே நீங்க போறேன்னாலும் நாங்க உடமாட்டோம்.”

கண்ணம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை.

“கெடா வெட்டியும் ஆவாத காரியம்யா இது. இடைவேளையில பசங்ககிட்ட அப்படி என்னதான் சொன்ன?”

“பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க சார்” என்றார் இன்னாசி. “பயலுவ பூராவும் ரயில்வேக்காரனுங்க. சுரங்கத்துக்காரன் எனக்கு அது உறைக்க இத்தனை நாளாச்சு. வாத்தியார் தூக்கிக்கிட்டு ஓடினாரே, அது நம்ம ஸ்டேஷன்ல குடுத்த செவப்புக் கொடிங்க. அதை வாங்கி வெச்சிட்டு, பச்சைக் கொடியைக் குடுத்தேன்.”